ஆறாவது கூறு

யாழ்ப்பாணத்தில் ஒரு புது ஆளைக் கண்டால், தேத்தண்ணி கொடுக்க முன்னரே மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுவோம். எவடம்? ஆற்றை பிள்ளை? இஞ்சை உங்களுக்கு ஆர் சொந்தம்? ஊர், தகப்பன், உறவு என்ற இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகுதான், வந்தவரைக் கதிரையில் இருத்துவதா முற்றத்தோடு அனுப்புவதா என்று எங்கள் மனது ஒரு முடிவுக்கு வரும். நானும் இதற்கு விலக்கில்லை. படித்தவன் என்பதால் கொஞ்சம் சுற்றி வளைத்துக் கேட்பேன், அவ்வளவுதான்.

தீவுப்பகுதியான ஊர்காவற்றுறையில் ஏழு வருஷம் ஆங்கிலம் படிப்பித்தேன். போன வருஷம்தான் மாற்றலாகிச் சாவகச்சேரிக்கு வந்தேன். அந்த ஏழு வருஷத்தில் இந்த மூன்றில் ஒன்றைத்தானும் கேட்காத ஒரே ஒரு மனிதரைக் கண்டேன். சொந்தமாக ஒரு வள்ளம் வைத்துத் தொழில் செய்த சம்மாட்டி அவர். கட்டையான ஆள். கழுத்தில் செபமாலை கிடக்கும். வெயிலில் பார்த்துப் பார்த்துக் கண்கள் எப்போதும் பாதி மூடியபடியே இருக்கும். ஆளைக் கண்டால் அவரும் ஒரு கேள்வி கேட்பார்தான். “என்ன செய்யுது?” உடம்புக்கு என்ன என்பதுதான். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

நான் அங்கு வேலைக்குப் போன முதல் நாள், பஸ்ஸால் இறங்கி நாலடி வைப்பதற்குள் தலை சுற்றிவிட்டது. காலையில் சாப்பிடாமல் சீனி வருத்தத்துக்கு, அதாவது நீரிழிவுக்கு, குளிசை போட்டதன் பலன். இறங்குதுறைப் பக்கத்தில் ஒரு மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. “என்ன செய்யுது?” என்றார். சொன்னேன். கடையில் சீனி கூட்டி ஒரு பிளேன்ரீ வாங்கிக் கையில் தந்து, குடித்து முடியுமட்டும் பக்கத்தில் நின்று, பிறகு பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு மனம் ஆறவில்லை. இவ்வளவு செய்த மனிதர் நான் யார் என்று கேட்கவில்லையே என்று ஒரு குறை. பத்து நாள் கழித்து மீன் வாங்கப் போன இடத்தில் நானாகவே அறிமுகம் செய்யத் தொடங்கினேன். பாதியிலேயே மறித்துவிட்டார்.

“மாஸ்டர், அண்டைக்கு உங்களுக்குத் தலை சுத்தினது. அது தெரியும். இப்ப சுத்துதோ?”

“இல்லை.”

“பேந்தென்ன. விளைமீன் நல்லது, கொண்டுபோங்கோ.”

இந்தக் குணத்தால் அவர் பட்ட பாடும் கொஞ்சநஞ்சமல்ல. ஒருமுறை வலை வாங்குவதற்கு நெடுந்தீவுக்குப் போனவர், திரும்பி வரும்போது ஒரு தாய் காய்ச்சலில் துவண்ட பிள்ளையோடு துறையில் நிற்பதைக் கண்டார். கடைசி வள்ளம் போய்விட்டது. வீட்டில் விட்டுவந்த கைக்குழந்தையைத் தாய் போய் எடுத்துவர வேண்டும். காற்று எழும்புகிறது, நிற்க ஏலாது, நீங்கள் பின்னால் வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். அந்தப் பதற்றத்தில் தாயும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரியில் தாதி கொப்பியைத் திறந்துகொண்டு கேட்டிருக்கிறார்.

“பிள்ளைக்குப் பேர் என்ன?”

“தெரியாது.”

“வயசு?”

“தூக்கின பாரத்துக்கு ஒரு நாலு இருக்கும்.”

“நீங்கள் பிள்ளைக்கு என்ன முறை?”

“தூக்கிக்கொண்டு வந்தனான்.”

“பேரும் தெரியாமல் ஊரும் தெரியாமலோ கொண்டுவந்தனீங்கள்?”

“காய்ச்சல் தெரியும், தங்கச்சி. முந்தாநாள் தொடங்கினதாம்.”

அடுத்த நாள் தாய் வந்து சேரும்வரை அவருக்குப் பக்கத்தில் ஒரு பொலிஸ்காரரை இருத்தி வைத்திருந்தார்கள். பிள்ளை பிடிகாரன் என்ற சந்தேகம்தான். இவர் அந்தப் பொலிஸ்காரருக்கு முதுகில் ஏதோ பிடிப்பு என்று கேட்டறிந்து, என்ன எண்ணெய் பூச வேண்டும் என்று சொல்லிக்கொண்டு இருந்தாராம். இந்தக் கதையை அவருடைய மனைவி எனக்குச் சொன்னபோது சிரிப்போடு கொஞ்சம் கோபமும் இருந்தது.

இன்னொன்று, சிரிக்கக்கூடிய விஷயம் அல்ல. அக்கரையிலிருந்து, தமிழ்நாட்டுப் பக்கமிருந்து, வரும் இழுவைப் படகுகள் எங்கள் தீவுக்காரரின் வலைகளை அறுத்துக்கொண்டு போவது எல்லாரும் அறிந்த துன்பம். ஒரு நாள் எஞ்சின் நின்று, குடிக்கத் தண்ணீரும் இல்லாமல் அலைந்த ஒரு படகுக்கு இவர் கயிறு எறிந்து, அவர்களுடைய ஆட்கள் வந்து சேருமட்டும் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். அந்தப் படகின் பலகையில் இவருடைய வலைத்துண்டு ஒன்று சிக்கிக் கிடந்ததாம். கரையில் பெரிய ரகளை. முகத்துக்கு நேரே ஏசினார்கள். இவர் சொன்னது இவ்வளவுதான்: “கட்டின பிறகுதான் வலையைக் கண்டனான். கண்டிட்டு அவிழ்த்து விடவோ?” அன்று எனக்கும் அவர்மேல் எரிச்சல்தான் வந்தது. நல்லவராக இருப்பதற்கும் ஒரு கணக்கு வேண்டாமா என்று நினைத்தேன்.

மண்ணெண்ணெய் கிடைக்காமல் வள்ளங்கள் எல்லாம் கரையில் கிடந்த வருஷம், அவருடைய பெறாமகன், அதாவது தம்பியின் மகன், ஏஜன்சிக்காரனை நம்பிக் கனடாவுக்கென்று கப்பல் ஏறினான். நடுக்கடலில் கப்பல் பழுதாகி, வேறொரு கப்பல் இவர்களைக் காப்பாற்றி வியட்நாமில் இறக்கிவிட்டது. சில மாதம் முகாமில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து பெரியப்பாவின் வள்ளத்திலேயே ஏறினான். முப்பது வயது, கலியாணம் முடித்தவன், கதைக்க மாட்டான். ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். முகாம் வாசலில் ஒரு பெண் அரிசிக்கஞ்சி விற்பாளாம். அவளோடு ஏழு வயதுப் பெண்பிள்ளை ஒன்று வரும். பத்தடி நடந்தால் குந்திவிடும். உதடெல்லாம் நீலம். இருதயத்தில் ஓட்டை.

அங்கே கன்னியாஸ்திரிகள் ஒரு சிறிய தொண்டு நிலையம் வைத்து, ஏழைப் பிள்ளைகளின் வைத்தியத்தையும் படிப்பையும் பார்த்துவந்தார்கள். வெளியிலிருந்து ஒருவர் ஒரு பிள்ளையைப் பொறுப்பெடுக்கலாம். இந்தப் பிள்ளையைப் பொறுப்பெடுக்க யாரும் இல்லை. ஒரு வருஷத்துக்குள் சத்திரசிகிச்சை செய்யாவிட்டால் பிறகு செய்தும் பயனில்லை என்று வைத்தியர் சொல்லிவிட்டார். பெறாமகன் தன் இலக்கத்தைக் கொடுத்துவிட்டு வந்திருந்தான். அவனுடைய கைத்தொலைபேசிக்குக் கன்னியாஸ்திரிகள் ஆங்கிலத்தில் எழுதியிருந்த கடிதத்தை வாசித்துச் சொல்ல என்னிடம்தான் வந்தார்கள். சம்மாட்டி கேட்டுக்கொண்டு இருந்துவிட்டு, “மாஸ்டர், உங்கட குழுவில இதைக் கேக்கலாமோ?” என்றார்.

எங்கள் குழுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தீவில் பிறந்து வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுப்பும் உதவியை, இங்குள்ள கஷ்டப்பட்ட பிள்ளைகளின் மருத்துவத்துக்கும் படிப்புக்கும் பிரித்துக் கொடுக்கும் குழு. நான் செயலாளர். தலைவர் இளைப்பாறிய உத்தியோகத்தர், நேர்மையானவர், விதியை விட்டு இம்மியும் விலகாதவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் வைத்தோம். சம்மாட்டி வெள்ளைச் சேட் போட்டுக்கொண்டு வந்து எங்களுக்கு முன்னால் நின்றார்.

“ஆற்றை பிள்ளை?” என்று தலைவர் கேட்டார்.

“தாய் கஞ்சி விக்கிறவ. தேப்பன் இல்லை.”

“அதில்லை. எங்களுக்கும் அதுக்கும் என்ன தொடர்பு எண்டு கேக்கிறன்.”

“தெரியேல்லை. மூச்சு இழுக்குதாம்.”

“உங்கட பெறாமகனுக்குக் கஞ்சி குடுத்ததுக்காகவோ?”

“அதுக்கில்லை. இவன் அந்தப் பக்கம் போகாமல் விட்டிருந்தாலும் அந்தப் பிள்ளைக்கு மூச்சு இழுக்கும்தானே.”

“சம்மாட்டியார், எங்கட பிள்ளையளே செருப்பில்லாமல் பள்ளிக்கூடம் வருதுகள். இதுகளை விட்டிட்டு வியட்நாமுக்கோ?”

“ஓம். எங்கட பிள்ளையளும் பாவம்தான். நான் மறுக்கேல்லை.”

அதற்கு மேல் வாதாட அவருக்குத் தெரியவில்லை. வேண்டாம் என்பவர்கள் கையை உயர்த்தச் சொன்னார் தலைவர். ஏழு பேரில் ஆறு கை உயர்ந்தது. அதில் ஒன்று என்னுடையது. தீவுப் பிள்ளைகளுக்கென்று அனுப்பியதைத் தீவுப் பிள்ளைகளுக்குத்தான் கொடுக்க வேண்டும். அது நியாயம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் கையை இறக்கிய பிறகு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவரோ கோபத்தின் சாயலே இல்லாமல் என் பக்கம் திரும்பி, “மாஸ்டர், இனியும் காயிதம் வந்தால் வாசிச்சுச் சொல்லுவியள்தானே?” என்று கேட்டார். சொல்லுவேன் என்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்த வள்ளத்தில் ஒரு பழைய வழக்கம் இருந்தது. மற்ற வள்ளக்காரர் பிடித்ததை மொத்தமாக ஏலத்தில் விற்றுவிட்டுப் பிரித்துக்கொள்வார்கள். இவர்கள் மீனையே கரையில் கூறு போடுவார்கள். சம்மாட்டியோடு சேர்த்துத் தொழிலுக்குப் போகும் நாலு பேருக்கு நாலு கூறு, வள்ளத்துக்கும் வலைக்கும் ஒரு கூறு. ஒருவர் மீனைக் கொட்டிப் பிரித்து வைப்பார். சம்மாட்டி முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்தபடி நிற்பார். பிரித்தவர் ஒரு கூறைத் தொட்டு “இது ஆருக்கு?” என்று கேட்க, பார்க்காமலே சம்மாட்டி ஒரு பெயரைச் சொல்வார். அந்தக் கூறு அந்த ஆளுக்கு. பேச்சு மூச்சு கிடையாது. ஒருவரும் ஒருவரையும் ஏமாற்ற முடியாது.

கூட்டம் நடந்த மறுநாள் சம்மாட்டி, “இண்டையிலயிருந்து ஆறு கூறு போடுங்கோ” என்றாராம்.

மீன் பிரிப்பவர் ஒரு நெட்டையான மனிதர். எல்லாருக்கும் அவர் நெட்டையர்தான். மூன்று பிள்ளைகளின் தகப்பன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

“அண்ணை, கோயில் பங்கு எண்டால் விளங்குது. இது ஆரோ எவரோ. எங்கட வயித்திலயிருந்தோ குடுக்கிறது?”

“உன்ர கூறில குறையிறதை வள்ளக் கூறிலயிருந்து எடு. நான் ஒண்டும் சொல்ல மாட்டன்.”

அப்படியே எடுத்துக்கொண்டார் நெட்டையர். அதோடு விடவுமில்லை. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, நல்ல மீனையெல்லாம் ஐந்து கூறில் போட்டுவிட்டு, ஆறாவதில் மலிவான முள்ளுக் காரலை மட்டும் அள்ளி வைத்தார். வியட்நாமுக்கு அது காணும் என்ற நினைப்பு. சம்மாட்டி முதுகைக் காட்டிக்கொண்டு பெயர் சொல்கிறவர் என்பது அந்த அவசரத்தில் அவருக்கு மறந்துபோய்விட்டது. காரல் குவியலைத் தொட்டு “இது ஆருக்கு?” என்று கேட்டார். “உனக்கு” என்றார் சம்மாட்டி. பெரிய பாரை கிடந்த கூறு பிள்ளைக்குப் போனது. கரையெல்லாம் சிரித்தது. நெட்டையர் காரலைப் பையில் போட்டுக்கொண்டு போனார். அதற்குப் பிறகு ஆறு கூறும் ஒரே அளவாகவே விழுந்தன.

பிள்ளையின் கூறை விற்றுப் பங்குத்தந்தை மூலம் அனுப்பிவந்தார்கள். நான் சனிக்கிழமைகளில் கரைக்குப் போவேன். கன்னியாஸ்திரிகள் எழுதுவதை அந்த நாலு பேருக்கும் வாசித்துச் சொல்வேன். பிள்ளைக்கு இரண்டு கிலோ கூடியிருக்கிறது, படி ஏற விடவில்லை, கோழிக்குஞ்சு ஒன்று வளர்க்கிறாள், இப்படிச் சின்னச் சின்னச் செய்திகள். நெட்டையர் தூரத்தில் வலையைச் சிக்கெடுத்துத் தெரிவதுபோல நிற்பார். ஒருநாள் நான் கோழிக்குஞ்சை விட்டுவிட்டு வாசித்து முடித்தபோது, “அந்தக் குஞ்சு என்னவாம்?” என்று கேட்டது அவர்தான்.

சோழகக் காற்று அடித்த ஒரு வாரம் தொழில் படுத்துவிட்டது. சனிக்கிழமை நான் போனபோது கரையில் கிடந்தது ஒரு சட்டி காரலும் ஆறேழு நண்டும். “இண்டைக்கு அஞ்சு போடு” என்றார் சம்மாட்டி. நெட்டையர் நிமிர்ந்து பார்த்தார்.

“ஏன், அந்த ஓட்டைக்கு இண்டைக்கு லீவோ?”

ஆறு கூறுதான் போட்டார். ஒரு கூறுக்கு ஒரு நண்டு வந்தது. வள்ளக் கூறிலிருந்து தன் குறையை எடுப்பதை அவர் எப்போது நிறுத்தினார் என்று அப்போதுதான் யோசித்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

வருஷம் முடிய இன்னும் ஒரு மாதம் இருக்கும்போது சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்து எழுதினார்கள். அந்த நாள் காலையில் அவர்கள் வழமைபோலத் தொழிலுக்குப் போனார்கள். கரையில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்றான் பெறாமகன். தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டுப் போனான். பள்ளிக்கூட விடுமுறை. நான் மீன்பிடி வாடிக் கொட்டிலின் நிழலில் இருந்து அந்தத் தொலைபேசியையும் கடலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்த்துக் கை உயர்த்தியவன்தான் நான். ஆனாலும் அந்த மூன்று மணித்தியாலமும் எனக்குத் தெரிந்த தேவாரமெல்லாம் வாயில் வந்து போனது.

செய்தி வந்து கொஞ்ச நேரத்தில் வள்ளமும் தெரிந்தது. சம்மாட்டி இறங்கி, கயிற்றை முளையில் கட்டி, முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் என் பக்கம் வந்தார்.

“முழிச்சிட்டாளாம், அண்ணை. தண்ணி கேட்டவளாம்” என்றேன்.

நெட்டையர் அப்படியே மணலில் குந்தி, முகத்தைச் சாரத்தில் புதைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். சம்மாட்டி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “நல்லது. தண்ணி குடுத்தவையாமோ?” என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகும் ஆறாவது கூறு நிற்கவில்லை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். வெள்ளைச் சட்டையும் கழுத்தில் சிவப்புத் துணியுமாக ஒரு படம் வந்தது. நெட்டையர் அதைத் தன் கடைக்குட்டிக்குக் காட்டி, இவள் வகுப்பில் மூன்றாம் பிள்ளை, நீ எத்தனையாம் பிள்ளை என்று கேட்டதாகக் கேள்வி. இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் போனது. பிறகு கன்னியாஸ்திரிகள் என் பள்ளிக்கூட முகவரிக்குத் தபாலில் ஒரு கடிதம் எழுதினார்கள். பிள்ளை நன்றாக இருக்கிறாள், இனி அவளுடைய படிப்பை அங்குள்ள ஒரு சபையே பார்த்துக்கொள்ளும், நீங்கள் விரும்பினால் வேறொரு பிள்ளைக்கு உதவுங்கள் என்று இருந்தது. அதை வெள்ளிக்கிழமை பின்னேரமே பெறாமகனுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். கடிதத்தைக் கையில் கொடுக்கத்தான் மறுநாள் கரைக்குப் போனேன்.

நான் போகும்போது கூறு போட்டாகிவிட்டது. பழக்கதோஷத்தில் நெட்டையர் ஆறு போட்டிருந்தார். சம்மாட்டி கடலைப் பார்த்தபடி நின்றார். ஐந்துக்கும் பெயர் சொல்லி முடிந்தது. நெட்டையர் ஆறாவதைத் தொட்டார்.

“இது ஆருக்கு?”

பதில் வரவில்லை. யாருக்கு என்று ஒருநாளும் கேட்டறியாத மனிதர் அந்தக் கேள்விக்கு முன்னால் வாயடைத்து நின்றதை அன்றுதான் பார்த்தேன். “அப்ப பிரிச்சு எடுப்பமோ?” என்று பெறாமகன் மெதுவாகக் கேட்டான். நெட்டையர் கையை எடுக்கவில்லை.

என் தோளில் பை இருந்தது. அதற்குள் தபாலில் போட வேண்டிய ஒரு மறுப்புக் கடிதம், அதோடு திருப்பி அனுப்பும் விண்ணப்பம். ஒரு பிள்ளையின் வைத்தியத்துக்கென்று குழுவுக்கு வந்த விண்ணப்பம் ஒன்றை அந்த வாரம் தள்ளியிருந்தோம். வேலணையில் இருக்கும் ஒரு குடும்பம். மலையகத்திலிருந்து கூலி வேலைக்கு வந்து தங்கிவிட்டவர்கள். பூர்வீகம் தீவில்லை என்பதால் விதிப்படி கொடுக்க ஏலாது. கடிதத்தை எழுதியது நான். கையெழுத்தும் என்னுடையது.

“வேலணையில ஒரு பொம்பிளைப் பிள்ளை இருக்கு, அண்ணை” என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

எவடத்துப் பிள்ளை என்று அவர் கேட்கவில்லை. நெட்டையரும் கேட்கவில்லை. சம்மாட்டி திரும்பாமலே, “என்ன செய்யுதாம்?” என்றார்.

தகப்பன் எந்தத் தோட்டத்தில் பிறந்தவர் என்று எனக்குத் தெரியும். எத்தனை வருஷமாக வேலணையில் இருக்கிறார்கள், யாருடைய காணியில் கொட்டில் போட்டிருக்கிறார்கள், எந்த விதியின்படி தள்ளினோம், எல்லாம் தெரியும். பிள்ளைக்கு என்ன வருத்தம் என்று தெரியாது. அந்த வரி மட்டும் நான் வாசிக்கவே இல்லை.

நாலு பேரும் காத்துக்கொண்டு நின்றார்கள். நான் மணலில் குந்தியிருந்து, பையைத் திறந்து, விண்ணப்பத்தை எடுத்து, அந்த வரியைத் தேடினேன்.